தாழ்ச்சி யாருக்குச் சொன்னது?

எங்க ஊர்க் கோயில்ல பெரிய வியாழக்கிழமை பாதங்கழுவுற சடங்குக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுப்பாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அந்தப் பன்னிரண்டு பேர்ல எங்க தெரு ஆள் ஒருத்தர் இருந்தாலே பெரிய விஷயம். ஒரு வருசம் எங்க சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தாங்க. முந்தின நாள் ராத்திரியே கிணத்தடியில உக்காந்து செங்கல்லை வச்சுக் காலைத் தேய்ச்சாரு. வயல்லயே கெடந்த காலு. வெடிப்புல ஏறின கருப்பு போகவே இல்ல. மறுநாள் அவருக்குக் கடைசி நாற்காலி. சாமியார் தண்ணி ஊத்தினாரு, துண்டால ஒத்தினாரு, முத்தம் குடுக்கக் குனிஞ்சாரு. தாழ்ச்சியைப் பத்தி ரொம்ப நேரம் பிரசங்கம் வச்சாரு. மூணு நாள் கழிச்சுப் பாஸ்காச் சப்பரம் எங்க தெரு முனையோட திரும்பிப் போயிருச்சு. ஏன்னு கேக்கப் போன சித்தப்பாகிட்ட அதே சாமியார் சொன்னாரு: "கொஞ்சம் தாழ்ச்சியா இருங்கப்பா. சேசுவே தாழ்ச்சியா இருந்தாரே."

கால் கழுவியவருக்குத் தாழ்ச்சி ஒரு நாள் சடங்கு. கழுவப்பட்டவருக்கு அது வருசம் முழுக்கச் சட்டம். கிறிஸ்தவ ஆன்மீகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தன்னைத் தாழ்த்து, தன்னை மறு, தன்னையே பலியாகக் கொடு, அப்போதுதான் புது மனிதனாவாய் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைப் போதனை. தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு வைத்திருக்கும் சொல் 'தாழ்ச்சி'. நமக்கு இந்தச் சொல் ஞானோபதேசப் புத்தகத்தில் மட்டும் வருவதில்லை. தாழ்ந்த சாதி, தாழ்த்தப்பட்டவர், தாழ்வான தெரு எல்லாம் இதே வேரில் முளைத்தவைதான். ஒரே வேர், ஒருத்தருக்குப் புண்ணியமாகவும் இன்னொருத்தருக்குப் பிறப்பாகவும் இருக்கிறது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவளிடம் போய் இன்னும் தாழ் என்றால் அவள் எங்கே போவாள்? மண்ணுக்குள்தான்.

இந்தப் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம். கடவுளின் தன்மையில் இருந்தவர் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டிருக்காமல் தம்மை வெறுமையாக்கினார், அடிமையின் வடிவம் எடுத்தார், சிலுவைச் சாவு வரை போனார் என்கிறது அது. யார் இறங்குகிறார் என்று பாருங்கள். உச்சியில் இருப்பவர் இறங்குகிறார். இறங்குவதற்கு உயரம் வேண்டும். விடுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும். கடிதம் போன ஊரும் சாதாரண ஊர் இல்லை. பிலிப்பி, ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய நகரம். குடியுரிமை, பதவி, அந்தஸ்து என்று பெருமை பேசிய ஊர். அங்கே போய், உங்கள் கடவுள் அடிமையானவர் என்று சொல்வது ஒரு கலகம். அதையே சேரியில் வந்து சொன்னால் காவல்.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்திலும் குனிந்து கால் கழுவுகிறவர் 'ஆண்டவர்', 'போதகர்' என்று அழைக்கப்பட்டவர். அடிமையைப் பார்த்து, நன்றாகக் கழுவுகிறாய், அப்படியே இரு என்று அவர் சொல்லவில்லை. அதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், விசாரணையின்போது காவலன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். இயேசு மறு கன்னத்தைக் காட்டவில்லை. என்ன தப்பாகப் பேசினேன், ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். மறு கன்னத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்?

வேதத்தில் எல்லாமே நம் பக்கம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பேதுருவின் முதல் கடிதம் 2ஆம் அதிகாரம், கொடுமைக்கார எசமானுக்கும் பணிந்து போகும்படி அடிமைகளுக்குச் சொல்கிறது. கிறிஸ்து பட்ட பாட்டையே அதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட பகுதிகளைத்தான் தேடித் தேடிப் போதித்தார்கள். எசமானை இறங்கச் சொல்லும் குரலும் அடிமையைக் குனியச் சொல்லும் குரலும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. எந்தக் குரலை எடுத்து எந்தத் தெருவில் வாசிக்கிறார்கள் என்பதுதான் அரசியல்.

1960இல் வாலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் ஒரு கட்டுரையில் இதே முடிச்சைத் தொட்டார். அகந்தைதான் மூலப் பாவம், தன்னைக் கொடுப்பதுதான் மருந்து என்று சொல்லும் இறையியல் ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது. பெண்களின் சிக்கல் வேறு, தனக்கென்று ஒரு 'தான்' இல்லாமல் கரைந்துபோவது என்றார். பெண் என்று அவர் சொன்ன இடத்தில் தலித் பெண்ணை வைத்துப் பார்த்தால் பாமாவின் 'கருக்கு' நமக்கு வேறு மாதிரித் திறக்கிறது.

1992இல் வந்த கருக்கைச் சாதிக் கொடுமையின் சாட்சியமாக வாசித்திருக்கிறோம், பேச்சு மொழியின் வெற்றியாக வாசித்திருக்கிறோம். அதை ஓர் ஆன்மீகப் பிரதியாக வாசித்தவர்கள் குறைவு. ஏழைகளுக்காகத் தன்னைக் கொடுத்தவர் என்று ஒரு சபையின் நிறுவனரைப் பற்றிப் படித்துவிட்டு, தானும் அப்படி வாழ வேண்டும் என்று ஆசிரியர் வேலையை விட்டு மடத்துக்குப் போன பெண்ணின் கதை அது. உள்ளே போனால் வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்கு வசதியான வாழ்க்கை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கூட்ட, கழுவ, கக்கூஸ் அலச நம்ம சனம். அந்தச் சனத்தைப் பற்றி இளக்காரமான பேச்சு. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளியேறுகிறார்.

இதைத் தோற்றுத் திரும்பிய கதை என்று வாசிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. மடத்தில் சோறு, கட்டில், பாதுகாப்பு, 'சிஸ்டர்' என்ற மரியாதை எல்லாம் இருந்தன. அவ்வளவையும் விட்டுவிட்டு, வேலையும் கையில் இல்லாமல், பயத்தோடு தன் சனத்திடம் வந்து நிற்கிறார். பிலிப்பியர் கடிதம் சொல்லும் 'வெறுமையாக்குதல்' மடத்துக்குள் நடக்கவில்லை. மடத்தை விட்டு வந்தபோதுதான் நடந்தது. மடம் கேட்ட தாழ்ச்சி அவரைக் கரைத்தது. அதை மறுத்த பிறகுதான் அவருக்கு ஒரு 'நான்' கிடைத்தது. அந்த 'நான்' எழுதியது இந்த நூல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாமாவை இன்னொரு தியாகச் சுரூபமாக்கிப் பீடத்தில் ஏற்றிவிடக் கூடாது. நம்ம இயக்கங்களிலும் தியாகம் என்ற பேரில் பெண்களிடம் சோறாக்கவும், கூட்டம் சேர்க்கவும், பேசாமலிருக்கவும் கேட்கிறோம். தோழர் சொன்னாலும் சாமியார் சொன்னாலும் அது அதே தாழ்ச்சிதான்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று: எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை 2008இல் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. தலித் கிறிஸ்தவருக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள் இருக்கிறது என்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவையே எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது குனிவதுதான், நல்லது. ஆனால் குனிந்தவர் எழும்போது கையிலிருந்து எதையாவது விட்டாரா? கல்லறை நிலத்தை, கல்லூரி இடத்தை, சப்பரப் பாதையை?

எங்க சித்தப்பாவை மறுவருசமும் பாதங்கழுவக் கூப்பிட்டாங்க. அவரு போகல. "சப்பரம் நம்ம தெருவுக்கு வரட்டும், அப்புறம் காலை நீட்டுறேன்"னு சொல்லி அனுப்பிச்சாரு. ஊருக்குள்ள அகம்பாவம் பிடிச்சவன்னு பேரு வாங்கினாரு. நான் பார்த்த மனமாற்றத்தில் அது ஒன்று. தாழ்ச்சியைப் பற்றி இனி யார் பிரசங்கம் வைத்தாலும் நாம் எழுந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: இறங்கப் போவது யார், நீங்களா நாங்களா?