பெயருக்குக் காவல், உழைப்புக்கு?

டமாஸ்கஸில் எழுதப்பட்ட பழைய ஹதீஸ் (நபிமொழி) ஏடுகள் பலவற்றின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். நூலை ஆசிரியர் முன்னிலையில் ஓதியவர் இவர், கேட்டவர்கள் இன்னின்னார், இடம் இது, நாள் இது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தாமதமாக வந்தவரும் நடுவில் கண்ணயர்ந்தவரும்கூடச் சில ஏடுகளில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த நூலை நீ பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆசிரியர் தரும் அனுமதிக்கு 'இஜாஸா' என்று பெயர். 1505இல் மறைந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி, தன் நூலிலிருந்து எடுத்தாண்டு பெயர் சொல்லாமல் விட்டவரைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்.

எழுதியவரின் பெயரை இத்தனை கவனமாகக் காத்த மரபு, அவருடைய வருமானத்தைக் காக்கவில்லை. படியெடுத்து விற்றவர் ஆசிரியருக்குக் காசு தரக் கடமைப்பட்டவர் அல்லர். அச்சு பரவிய பிறகுதான் இந்தக் குறை உறைத்தது. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபின் பழைய வரையறைப்படி 'மால்', அதாவது சொத்து, சேர்த்து வைக்கக்கூடிய பருப்பொருள். கருத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியுமா? பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ பதிப்புரிமையை விற்பதை ஏற்கவில்லை. அவருடைய மகன் தகீ உஸ்மானியோ, மக்களின் வழக்கமும் ஒன்றைச் சொத்தாக்கும் என்று வாதிட்டு அதை ஏற்றார். என் பார்வையில் மகன் சொன்னதே சரி. புத்தகம் எழுதுகிறவருக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, தன் 43ஆம் தீர்மானத்தில் நூல், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர், வணிகச் சின்னம் ஆகியவற்றின் மீதான உரிமையை ஷரீஆ காக்கிறது, அதை மீறக் கூடாது என்று அறிவித்தது. இதன் பெரிய பலம் மனசாட்சி. காவலர் வராத இடத்திலும், நகலெடுத்து விற்பது பாவம் என்ற எண்ணம் ஒரு முஸ்லிமின் கையைத் தடுக்கும்.

தடுக்காவிட்டால்? திருட்டுக்கு வகுக்கப்பட்ட 'ஹத்து' தண்டனையான கை வெட்டு இங்கே பொருந்தாது. அதற்கு, பொருள் காவலான இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும்; கருத்துக்கு அப்படி ஓர் இடம் இல்லை. சந்தேகம் இருந்தால் ஹத்து இல்லை என்பது விதி. மிஞ்சுவது, ஆட்சியாளரும் நீதிபதியும் அளவு குறிக்கும் 'தஃஸீர்' தண்டனை. கை வெட்டும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது நல்லதுதான். ஆனால் இதனால் உரிமை அரசின் விருப்பத்தைச் சார்ந்து நிற்கிறது. சவூதி அரேபியாவில் 2003இல் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அபராதமும் சிறையும் உண்டு. அப்படியிருந்தும், கத்தாருடன் உறவு முறிந்த 2017இல் கத்தாரின் பிஇன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் திருடி விற்ற பிஅவுட்க்யூ என்ற சேவை மீது சவூதி குற்ற நடவடிக்கை எடுக்கவில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. பகை நாட்டானின் உடைமையும் உடைமைதான் என்பதை அந்த இடத்தில் சட்டம் மறந்தது.

இன்னொரு குறை, அகாதமித் தீர்மானத்தின் மௌனம். உரிமை எத்தனை ஆண்டு நீடிக்கும்? வீட்டைப் போல வாரிசுகளுக்கு முடிவில்லாமல் இறங்குமா? ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டு வரை என்பது சவூதி சட்டம்; அதற்கு ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், ஆதாரம் என்ன? உயிர் காக்கும் மருந்தின் காப்புரிமை ஏழையைத் தடுத்தால் எது முந்தும்? தீர்மானம் இவற்றைத் தொடவே இல்லை. பொது நலனைச் சட்டக் காரணமாக ஏற்கும் 'மஸ்லஹா' கோட்பாடு கையில் இருக்கும்போது இந்த மௌனத்துக்கு நியாயமில்லை. கால வரம்பையும், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் பிறர் தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமத்தையும் உலமாக்கள் கூடி எழுத்தில் வகுத்துத் தர வேண்டும்.