அநியாயம் யாருடைய கருத்து?

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இவ்வாறு ஊரிழந்தோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினர். வெளியேற்றத்தைப் பாடிய கவிதைகளையும் கதைகளையும் பேசும்போது ஒரு வாசகம் பழகிப்போய்விட்டது: “அது அவங்கட நியாயம், இது எங்கட நியாயம்.” பின்நவீனத்துவம் வந்தபின் இதற்குக் ‘கதையாடல்’ என்ற பெயரும் கிடைத்தது. பெருந்தன்மையாகத் தோன்றும் இப்பார்வையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

விழுமியங்கள் புறவயமானவை அல்ல என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் ஜே. எல். மெக்கி. சமூகத்துக்குச் சமூகம் ஒழுக்கம் வேறுபடுவதை 1977இல் வெளிவந்த தம் நூலில் ஒரு சான்றாக வைத்தார். மக்கள் தாம் வாழும் முறையைத்தான் சரியென்று நம்புகிறார்கள் என்பது அவர் விளக்கம். அப்படியென்றால் தம் தரப்புக்கு எதிராகவே பேசியவர்களை என்ன செய்வது? அயலவர் போவதைப் பார்த்து அழுத தமிழர்கள் இருந்தார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பினர் ஆபத்தின் நடுவிலும் இதைக் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் கண்டது ‘எங்கட நியாயம்’ அல்ல, நியாயம்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடக மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்றார். தவறு என்றால் கணக்குப் பிழைத்தது என்றும் பொருள்படும். அநியாயம் என்பது கணக்குச் சரிவந்தாலும் செய்யக்கூடாதது. விழுமியம் அந்தந்தத் தரப்பின் மனநிலை மட்டுமே என்றால், அந்தத் தரப்பின் அளவில் 1990இல் சரியாக இருந்த ஒன்று 2002இல்தான் பிழையானது என்று ஒப்ப வேண்டிவரும். இல்லை. அது நடந்த அன்றே அநியாயம்.

நம் மரபுக்கும் இது பழைய வழக்கு. நன்மை தீமையை அறிவே கண்டுகொள்ளும் என்றனர் முஃதஸிலாக்கள். இறைவன் ஏவியதே நன்மை என்றனர் அஷ்அரிகள். ஓரளவுக்கு அறிவுக்கும் எட்டும் என்றனர் மாதுரீதிகள். கடுமையாக முரண்பட்ட இம்மூவரில் எவரும், அநியாயம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் என்று சொல்லவில்லை.

இதை ஏற்றால் நமக்கும் ஒரு கடன் விழுகிறது. அதே 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீது குற்றஞ்சாட்டப்படுகிறது. முன்னதைப் படுகொலை என்றும் பின்னதை ‘எதிர்வினை’ என்றும் எழுதுகிற பேனா, தண்ணீரூற்றுக்காக நியாயம் கேட்கும் தகுதியை இழந்துவிடும்.

நமது வெளியேற்ற இலக்கியத்தில் கண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணீர் எல்லாத் தரப்பிலும் உண்டு. ஒரு படைப்பை எடைபோடும் விமர்சகன், அது எவ்வளவு அழவைத்தது என்பதோடு நின்றுவிடக்கூடாது. முள்ளியவளையில் இருக்கும் தமிழ் வாசகரும் ‘ஓம், இது அநியாயம்தான்’ என்று சொல்லும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.