கழித்த கட்டையும் கலைஞன் கண்ணும்

கோலா தெர்லா முதலிய நம் மலைத் தோட்டங்களிலே, கிழடு தட்டிய தேயிலைச் செடியை வேரோடு பெயர்த்தெறிந்தால் அதன் கதி அடுப்புத்தான். முறுக்கேறிய அக்கட்டையை ஒரு தொழிலாளி லயத்துத் திண்ணையில் அமர்ந்து சீவி, அதிலே ஒரு கொக்கையோ கிழவனையோ வெளிப்படுத்துவானாயின் நாம் என்ன சொல்வோம்? வேலையற்ற வேலை என்போம். படித்தவரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, குருவிடம் பயிலாதவன் கைவேலை சிற்பமாகுமா என்று வினவுவர். இத்தீர்ப்பு நேரியதுதானா என்பதை, கற்றவர் ஒருவரையும் கல்லாதவர் ஒருவரையும் கொண்டு ஆராய்வோம்.

கற்றவர், வங்கத்து ஓவியர் அவனீந்திரநாத தாகூர் (1871–1951). 1905-இல் 'பாரத மாதா' ஓவியத்தைத் தீட்டிப் புகழ் பெற்றவர். முதுமையிலே அவர் சுள்ளி, வேர், மூங்கிற்கணு, விதை என்று பிறர் மிதித்துச் செல்வனவற்றைப் பொறுக்கி, பறவையும் விலங்கும் மனிதருமாக ஆக்கினார். மிகுதியாகச் செதுக்கவில்லை; மரத்தில் முன்பே மறைந்திருந்த உருவைக் கண்டு, பிறருக்கும் தெரியும்படி நிறுத்தினார். நம்மவர் வெள்ளெருக்கு வேரிலே பிள்ளையாரைக் கண்டால் கற்பூரம் கொளுத்துவர். அவரோ வேரை வேராகவே வைத்து அதிலே பறவையைக் காட்டினார். முன்னது மயக்கம், பின்னது கலை. எனினும், பெரிய குடும்பத்துப் பெரிய ஓவியரின் விளையாட்டு என்பதனால் அதற்கு மதிப்புக் கிடைத்ததோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடையளிப்பவர் மற்றவர்.

அவர் நேக் சந்த் (1924–2015). இன்று பாகிஸ்தானிலுள்ள ஷகர்கர் பகுதியில் பிறந்து, 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் ஊரிழந்து, சண்டிகரிலே மராமத்து இலாகாவின் சாலை மேற்பார்வையாளராக அமர்ந்தவர். எந்தக் கலைப்பள்ளியையும் மிதிக்காதவர். லெ கொர்பூசியே என்னும் மேனாட்டு அறிஞர் வகுத்த திட்டப்படி அப்புதிய நகரம் எழும்போது, பழைய சிற்றூர்கள் இடிக்கப்பட்டுக் குப்பையாயின. அக்குப்பையிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், குழாய், உலைக்கசடு ஆகியவற்றையும், ஆற்றுப்படுகையிலிருந்து மனிதரும் பறவையும் போன்று தோன்றிய இயற்கைக் கற்களையும், அவர் மிதிவண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் சேர்த்தார். கட்டடம் எழுப்பக்கூடாதென்று விலக்கப்பட்ட அரசாங்கக் காடு அது. 1950-களின் இறுதி தொடங்கி, வேலை முடிந்தபின் இரவிலே, பிறர் அறியாமல் உருக்களைச் சமைத்தார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டனர். சட்டப்படி இடித்திருக்கலாம், இடிக்கவில்லை. 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது தொழிலாளரும் அளித்தனர். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இனி, அவருடைய படைப்பைப் புகழ்வதோடு நில்லாது எடைபோட வேண்டும். அவர் செய்த ஓர் உருவைத் தனியே எடுத்து மாமல்லபுரத்துக் கல்லின் அருகில் வைத்தால் அது தோற்கும். முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கைகால்கள் விறைத்து நிற்கின்றன. ஆனால் அவ்வுருக்களை அவர் தனியே வைக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு நம்மவர் நிற்பதுபோல, வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில் நிறுத்தினார். பெரட்டிலே நிற்போரைப் பெயர் சொல்லாமல் தலை எண்ணிப் பழகியவர் நாம். அவ்வரிசையில் ஒருத்தியின் ஆடை பச்சை வளையல் துண்டு, அடுத்தவளின் ஆடை சிவப்பு என்று காணும்போதுதான், ஒன்றுபோல் தோன்றியவர் ஒருவரல்லர் என்று விளங்குகிறது. தனியுருவின் குறையே கூட்டத்தின் பொருளாகிவிடுகிறது. மேலும், வளையல் துண்டு ஆடையான பின்னும் வளையலாகவே தெரிகிறது. எவளோ அணிந்து உடைந்தது என்ற நினைவை அவர் அழிக்கவில்லை. வழவழப்பாக்கி மறைத்திருந்தால் அது வெறும் அலங்காரமாய் முடிந்திருக்கும்.

கற்றவரும் கல்லாதவரும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் காண்கிறோம். பயிற்சி கைக்கு உதவும். அதை மறுப்பது அறியாமை. ஆயின் கழிக்கப்பட்டதில் உருவைக் காணும் கண், குலத்தாலும் வருவதன்று, சிற்ப சாத்திரத்தாலும் வருவதன்று. சிற்பம் இன்ன குலத்தாரின் தொழில், அதுவும் தெய்வத் திருமேனிக்கே உரியது என்று வேலி கட்டியவர், எத்தனை கண்களைக் குருடாக்கினரோ! பேரேட்டிலே 'தள்ளுபடி' என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. அச்சொல் பொருளைப்பற்றிக் கூறுவதைவிட, எழுதியவன் பார்வையைப்பற்றியே மிகுதியும் கூறுகிறது என்பதை ஒரு சாலை மேற்பார்வையாளரிடம் கற்றுக்கொண்டேன்.

நேயர்களே! நம் சங்கங்கள் ஆண்டு விழாவிலே பேச்சுப் போட்டியும் பாட்டுப் போட்டியும் நடத்துகின்றன. மேடையின் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு, லயத்திலே செய்த கைவேலை எதுவாயினும் கொண்டு வருக என்று அறிவிக்கட்டும். சிறந்தது எது என்று பிறகு வாதிடலாம். அடுப்புக்குப் போகுமுன் அக்கட்டையை ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பழக்கம் முதலில் வரட்டும்.