ஒரு பானை சோறு போதாது

புதுசா ஒரு கேட்ஜெட் சந்தைக்கு வந்தால் பெட்டிக்குள் சாதனம் இருக்கும், பெட்டிக்கு வெளியே ஒரு கதை இருக்கும். சாதனங்கள் மாறினாலும் கதை பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு ஆள் இருப்பார். தினசரி வாழ்க்கையில் ஏதோ ஒன்று அவரை எரிச்சல்படுத்தும். யாரும் அவரை நம்ப மாட்டார்கள். கடன், கார் ஷெட், எண்ணற்ற தோல்விகள். கடைசியில் ஒருநாள் எல்லாம் கூடிவரும், உலகம் மாறிவிடும்.

இந்த மாதிரிக் கதைகளைப் பல வருஷமாகப் பொழுதுபோக்காகத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கச் சுவையானவைதான். ஆனால் இவற்றின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. ஒரு சாதனம் உருவாவதில் எந்தப் பகுதி மிகக் கடினமோ, அதுதான் இந்தக் கதைகளில் காணாமல் போகிறது, அல்லது வேறு பெயரில் ஒளிந்துகொள்கிறது. இதை எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை வைத்துச் சொல்வது சுலபம். நம்மில் நிறையப் பேர் வீட்டில் இருக்கும் பொருள், ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது.

சோனியால் முடியாத சோறு

1945. போர் முடிந்த டோக்கியோ. இபுகா மசாரு என்ற பொறியாளர், குண்டுவீச்சில் தப்பிய ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் கட்டடத்தில் சின்னதாக ரேடியோ ரிப்பேர் கடை ஆரம்பிக்கிறார். பின்னாளில் சோனி ஆனது இந்தக் கடைதான். ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் மின்சாரம் மிச்சமாகக் கிடைத்த காலம் அது. எனவே மின்சாரத்தில் சோறு ஆக்கும் ஒரு பாத்திரத்தைச் செய்து பார்த்தார்கள்.

மரத்தொட்டி, அதன் அடியில் அலுமினியத் தகடுகள், அவ்வளவுதான். மின்சாரம் ஊறிய அரிசி வழியாகவே ஓடும், அந்தச் சூட்டில் அரிசி வேகும். தண்ணீர் வற்ற வற்ற மின்தடை கூடும், கரண்ட் தானாகவே குறைந்துவிடும். சுவிட்சே வேண்டாம்! ஒரு இன்ஜினியராகச் சொல்கிறேன், பேப்பரில் பார்த்தால் இதைவிட அழகான டிசைன் கிடைக்காது.

சோறு மட்டும் சரியாக வரவில்லை. அரிசி வகை மாறினால், தண்ணீர் கொஞ்சம் கூடக்குறைய ஆனால், ஒருநாள் குழைந்தது, இன்னொரு நாள் அரைவேக்காடு. அந்தப் பாத்திரம் கடைக்கு வரவே இல்லை. டிரான்சிஸ்டர் ரேடியோ, டிரினிட்ரான் டிவி என்று பின்னால் சாதித்த அதே இபுகாதான் இதில் தோற்றவர். ஆக, அறிவில் குறை இருந்தது என்று சொல்ல முடியாது.

மிட்சுபிஷியும் அதே காலத்தில் அடியில் ஹீட்டர் வைத்த மின்பானை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அது தானியங்கி அல்ல. பக்கத்தில் நின்று பார்த்து அணைக்க வேண்டும். விறகுக்குப் பதில் கரண்ட் வந்ததே தவிர, நிற்கிற ஆளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். நம்ம ஊரில் தண்ணீரைத் தாராளமாக வைத்து, பதம் பார்த்துக் கஞ்சியை வடிப்பது பழைய பழக்கம். தண்ணீர் கூடிப்போனாலும் வடிக்கும்போது சரியாகிவிடும். ஜப்பானில் வடிப்பதில்லை. வைத்த தண்ணீர் முழுவதையும் அரிசியே உறிஞ்ச வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கவும் கூடாது. குழந்தை அழுதாலும் திறக்காதே என்று அவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது அதைத்தான்.

யோஷிதாதாவும் ஃபுமிகோவும்

1950களின் தொடக்கம். தோஷிபாவில் யமடா ஷோகோ என்பவர் வீட்டுச் சாதனங்களின் விற்பனையைக் கவனித்து வந்தார். வீட்டு வேலையில் எது பெரிய கஷ்டம் என்று பெண்களிடம் கேட்டபோது கிடைத்த பதில், சோறு ஆக்குவது. விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டி, தீயைக் கூட்டிக் குறைத்து, பக்கத்திலேயே நிற்பது. யமடா இந்தச் சிக்கலைத் தோஷிபாவுக்குத் தண்ணீர் சூடாக்கும் கருவிகள் செய்து கொடுத்துவந்த ஒரு சிறு பட்டறைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் பெயர் மினாமி யோஷிதாதா.

யோஷிதாதாவுக்கு ஹீட்டர் தெரியும், சோறு ஆக்கத் தெரியாது. வீட்டில் அதைத் தெரிந்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. சோதனைகளை அவர்தான் செய்தார். விறகு அடுப்பில், கேஸில், மின்சாரத்தில் என்று மாற்றி மாற்றிச் சோறு ஆக்கினார். எத்தனை நிமிடத்தில் எவ்வளவு வெப்பம், சோறு எப்படி வந்தது என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார், கடும் குளிரில் வைத்துப் பார்த்தார். வீட்டையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டே இது வருஷக்கணக்கில் நடந்தது.

அந்தக் குறிப்புகளிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு எண்: 20 நிமிடம். கொதி வந்த பிறகு அந்தச் சூட்டில் சுமார் 20 நிமிடம் இருந்தால் சோறு சரியாக வரும். முன்னாலேயே நிறுத்தினால் வேகாது, விட்டுவிட்டால் அடிப்பிடிக்கும்.

அப்படின்னா ஒரு டைமர் வைத்தால் போதாதா? போதாது. கொதி எப்போது வரும் என்பது அரிசியின் அளவு, வெளியே உள்ள குளிர், அன்றைய மின்னழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. இதற்கு மினாமி குடும்பம் வந்து சேர்ந்த தீர்வு இரட்டைப் பாத்திரம். உள்பாத்திரத்தில் அரிசி. வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அது இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. தீர்ந்ததும் சட்டென்று ஏறும். அடியில் இருக்கும் இரட்டை உலோகத் தகடு அந்தச் சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். கடிகாரத்தின் வேலையைத் தண்ணீர் பார்க்கிறது.

குளிர்ப் பிரதேசங்களில் இதுவும் பிசகியது. பாத்திரத்தைச் சுற்றி இன்னொரு சுவர் வைத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டு, வெளிக்குளிர் உள்ளே எட்டாமல் செய்தார்கள்.

1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. முதலில் 700 பெட்டிகள், விலை 3,200 யென். கடைக்காரர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. யமடா கிராமம் கிராமமாகப் போய்ச் சோறு ஆக்கிக் காட்டினார். அதன்பின் ஜப்பானியச் சமையலறை மாறிப்போனது. இன்று நம்மிடம் இருக்கும் சாதாரண குக்கரில் வெளிப்பாத்திரத் தண்ணீர் கிடையாது. ஹீட்டர் தட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு காந்தம் இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றி அடிப்பாகம் 100ஐத் தாண்டியதும் காந்தத்தின் பிடி விட்டு, ‘டக்’ என்று கீழே விழும். முறை வேறு, ஆனால் அடிப்படை ஒன்றுதான்: தண்ணீர் தீர்ந்ததும் வெப்பம் ஏறும், அந்த ஏற்றத்தைப் பிடி.

இதில் கண்டுபிடிப்பு எது?

இரட்டை உலோகத் தகடு அன்றைக்குப் புதிது கிடையாது. அயர்ன் பாக்ஸில் அதற்கு முன்பே இருந்தது. ஹீட்டரும் புதிது இல்லை, மின்சாரப் பானையும் புதிது இல்லை. மின்சாரப் பானைகள் எதிலும் இல்லாதது, ‘வெந்துவிட்டது’ என்றால் என்ன என்பதற்கு எல்லாச் சூழலிலும் நிற்கும் ஒரு வரையறை. அந்த வரையறை ஃபுமிகோவின் நோட்டிலிருந்து வந்தது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்போம். அந்த ஒரு பானைக்கு அது சரி. ஆனால் ஒரு பானையை வைத்து நாளைய பானைக்கோ, வேறு ஊர்ப் பானைக்கோ பதம் சொல்ல முடியாது. சோனியின் மரத்தொட்டி மாட்டிக்கொண்டது அங்கேதான். அதிலும் சில நாள் நல்ல சோறு வந்திருக்கும். எல்லா நாளும் வரவில்லை. சாஃப்ட்வேர் ஆட்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். ‘என் மெஷினில் ஓடுகிறது’ என்பதற்கும் ‘எல்லார் மெஷினிலும் ஓடும்’ என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நம் தொழிலே. அந்தத் தூரத்தை நடப்பவர்கள் டெஸ்டர்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ரிலீஸ் முடிந்ததும் அனுப்பும் பாராட்டு மெயிலில் டெவலப்பர்கள் பெயர் தனித்தனியாக இருக்கும், டெஸ்டர்கள் ‘மற்றும் டெஸ்டிங் குழு’ என்று ஒரே வரியில் அடங்கிவிடுவார்கள்.

ஒரு மறுப்பு வரலாம். கணவர்தானே வடிவமைத்தார், மனைவி சொன்னதைச் செய்தார், அதற்குப் பெயர் உதவிதானே? வடிவமைப்பில் யோஷிதாதாவின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் இன்னொரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜேம்ஸ் டைசன். பை இல்லாத வேக்யூம் கிளீனர். மர அறுவை ஆலையில் சுழல்காற்றை வைத்துத் தூளைப் பிரிக்கும் அமைப்பைப் பார்த்து, அதையே வீட்டு அளவுக்குச் சுருக்கினார். அவர் கதையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்லும் எண் 5,127. அத்தனை மாதிரிகள் செய்தபின்தான் சரியான ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், குறித்து வை, மறுபடி மாற்று. இந்த வேலைக்கு உலகம் வைத்த பெயர் விடாமுயற்சி, மேதைமை.

ஃபுமிகோ செய்ததும் இதே வேலைதான். மாற்று, ஆக்கு, குறி, மறுபடி ஆக்கு. இணையத்தில் அவர் கதை சொல்லப்படும்போது வரும் வார்த்தைகள் தியாகம், பொறுமை, கணவனுக்குத் தோள்கொடுத்த மனைவி. ஒரே வேலை பட்டறையில் நடந்தால் ஆராய்ச்சி, சமையலறையில் நடந்தால் பணிவிடை! டைசன் கதையிலும் ஒரு மனைவி உண்டு. ஓவிய ஆசிரியரான டெய்ட்ரேவின் சம்பளம்தான் அந்த வருஷங்களில் குடும்பத்தைத் தாங்கியது. டைசனே இதைச் சொல்லியிருக்கிறார். 5,127 என்ற எண்ணை ஞாபகம் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இரண்டு 699 டாலர்

இது வெறும் பெருமைப் பங்கீட்டுச் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் சோதிப்பதைக் கண்டுபிடிப்பின் பகுதியாகப் பார்க்காத பழக்கத்துக்கு விலை உண்டு.

ஜுசெரோ. 2016ல் அமெரிக்காவில் வந்த ஜூஸ் மெஷின், விலை 699 டாலர். நறுக்கிய காய், பழம் அடைத்த பையை அந்த நிறுவனத்திடமே வாங்கி உள்ளே வைத்தால், மெஷின் அழுத்திச் சாறு எடுத்துத் தரும். முதலீட்டாளர்கள் சுமார் 12 கோடி டாலர் கொட்டியிருந்தார்கள். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பையைக் கையால் பிழிந்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு சாறு, அதே வேகத்தில். செப்டம்பரில் கடையைக் கட்டியது நிறுவனம். மெஷினைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் உள்ளே இருந்த வேலைப்பாட்டைப் பார்த்து அசந்தார்கள். வேலைப்பாட்டில் குறையில்லை. ‘மெஷின் இல்லாமல் பிழிந்தால் என்ன ஆகும்?’ என்ற சோதனையின் பதில்தான் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

ஹியூமேன் நிறுவனத்தின் ஏஐ பின். 2024 ஏப்ரலில் வந்தது, விலை இதுவும் 699 டாலர், அதற்குமேல் மாதம் 24 டாலர். சட்டையில் குத்திக்கொண்டால் ஃபோனுக்கு மாற்று என்றார்கள். ஆப்பிளில் வேலை பார்த்தவர்கள் தொடங்கிய நிறுவனம் என்பதுதான் விளம்பரத்தின் பாதி. வாங்கிய விமர்சகர்கள் பதில் தாமதமாக வருகிறது, சூடாகிறது என்று எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் சொத்துகளை ஹெச்பி 11.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது, வாங்கியவர்கள் கையில் இருந்த பின்கள் வேலை செய்வதை நிறுத்தின. உண்மையான சோதனையைச் செய்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான்.

இரண்டிலும் கண்டுபிடிப்பாளர் கதை மிக நன்றாக இருந்தது. நாமும் கதையைப் பார்த்துத்தான் மயங்கினோம். அதனால் புது கேட்ஜெட் அறிமுகத்தைப் படிக்கும்போது யார் கண்டுபிடித்தார் என்பதை இப்போது நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தேடுவது வேறு: இதை யார் பயன்படுத்திப் பார்த்தார்கள், எத்தனை நாள், எப்படிப்பட்ட வீட்டில்? கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் வைத்துப் பார்த்தார்களா? புழுங்கலரிசி போட்டுப் பார்த்தார்களா? தினமும் அந்த வேலையைச் செய்கிற ஆளிடம் கொடுத்தார்களா? பெரும்பாலான அறிமுக நிகழ்ச்சிகளில் இவற்றுக்குப் பதில் இருக்காது. பதில் இல்லாவிட்டால் ஒரு வருஷம் பொறுத்து வாங்குங்கள். அதற்குள் யாரோ சில ஃபுமிகோக்கள் சம்பளமில்லாமல் சோதித்து எழுதியிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அவர்கள் எழுதியதைப் படியுங்கள்.