முகம் காட்டாத லாரி

திண்டிவனம்–விழுப்புரம் சாலை நால்வழி ஆவதற்கு முன் அதில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு சைகை நன்றாகத் தெரியும். முன்னால் போகும் லாரியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீளும். 'போ, போ' என்று ஆடும். எதிரே வருவது தெரியாமல், அந்தக் கையை நம்பி ஏறிப் போவோம்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 24 வயதில் எடுத்த 'டூயல்' படத்தில் அந்தக் கை வருகிறது. சிவப்புக் கார்க்காரர் நம்பி ஏறுகிறார். எதிரே ஒரு கார்! கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த இடத்தில் வயிறு கலங்கும்.

ரிச்சர்ட் மாத்திசனின் கதை. கலிபோர்னியாவின் பாலைச் சாலைகளில் ஏறத்தாழ இரண்டே வாரத்தில் படமாக்கி, 1971 நவம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். ஒரு கார், அதைத் துரத்திக் கொல்லப் பார்க்கும் ஒரு அழுக்கேறிய டேங்கர் லாரி, வெயில். லாரி டிரைவரின் முகம் கடைசிவரை கிடையாது, கையும் பூட்ஸும்தான். முகத்தைக் காட்டியிருந்தால் ஒரு வில்லன் கிடைத்திருப்பான், பயம் போயிருக்கும். லாரியின் முன் பம்பரில் பல மாநில நம்பர் பிளேட்டுகள். இதற்கு முன் எத்தனை பேரோ என்று நாமேதான் நினைத்துக்கொள்ள வேண்டும். படம் வாய் திறக்காது. என்ன ஒரு துணிச்சல்!

பிறகு திரையரங்குக்காக 90 நிமிடமாக நீட்டினார்கள். என்னைக் கேட்டால் 74 நிமிட டிவி பதிப்புதான் உசத்தி. கிடைத்தால் அதையே பாருங்கள்.