கும்பகோணம் வக்கீலின் வாரிசுகள்

தமிழில் துப்பறியும் படம் ‘துருவங்கள் பதினாறு’ (2016) வந்த பிறகுதான் உருப்பட்டது என்றொரு பேச்சு இப்போது ஊன்றிவிட்டது. அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் இங்கிலீஷ் படத்தின் நகல், நடுவே நாலு பாட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். ‘அந்த நாள்’ படத்துக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. நம் மர்மக் கதைக்கு வேர் உண்டு; அது தஞ்சை ஜில்லாவில் இருக்கிறது.

காவிரிக்கரை எழுத்து என்றால் நமக்கு மௌனி, கு.ப.ரா., தி. ஜானகிராமன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் உள்ள வடுவூர் யார் நினைவுக்கும் வருவதில்லை. அந்த ஊர்க்காரரான வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸிடமிருந்து எடுத்தாண்டவர்தான். நடை வளவள, சில பக்கங்களின் வர்ணனையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ஆனால் அவர் கதைகளில் குற்றம் எங்கே முளைக்கிறது? சொத்தில், சம்பந்தி வீட்டில், பொய்ச் சாட்சியில். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் பங்காளிகள் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்த நெல் பூமி அது. அங்கே வில்லனாக வக்கீல் வந்து நிற்பது இயல்பு.

அவருடைய ‘மேனகா’ நாவல் 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில், டி.கே.எஸ். சகோதரர்கள் நடிப்பில் படமாயிற்று. அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலை 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ என்று எடுத்தது. துப்பறியும் சாமியாராக வரும் நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு அசத்துகிறார். அதைவிட எனக்கு முக்கியம், வக்கீலிடமிருந்து உண்மையை வரவழைக்கும் விதம். அடி உதை இல்லை. தூங்கவிடாமல் வைத்திருந்தே அவன் புத்தியைக் கரைக்கிறார்கள். கண் செருகும் நேரத்தில் அவன் வாயிலிருந்தே எல்லாம் கொட்டுகிறது. கைரேகையை நம்பாமல் வாக்குமூலத்தைத் தேடும் இந்தப் பழக்கம்தான் நம் மர்மப் படங்களின் உயிர்நாடி.

திருவிடைமருதூர்க்காரரான எழுத்தாளர் தேவன் மர்மக் கதையை வேறு பக்கம் திருப்பினார். அவருடைய துப்பறியும் சாம்பு அசட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கிறவன். தஞ்சாவூரில் பிறந்த கோபுலு அவனைப் படக்கதையாக வரைந்தார். காத்தாடி ராமமூர்த்தி அவனைத் தூர்தர்ஷனுக்குக் கொண்டுவந்தார்.

‘அந்த நாள்’ (1954) பற்றிப் பேசுவோர் பாட்டே இல்லாத படம் என்பார்கள், உடனே குரோசவாவின் ‘ராஷோமான்’ என்பார்கள். பாட்டு இல்லாதது துணிச்சல்தான். ஆனால் குரோசவா உண்மையையே சந்தேகித்தார், ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர் சாட்சியைத்தான் சந்தேகித்தார். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபரில் ரேடியோ இன்ஜினீயர் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா வாய் திறந்ததும் வருவது என்ன? அண்ணன் தம்பி பாகத் தகராறு. உலக யுத்தமே நடந்தாலும் அவருக்குக் கொலைக்குக் காரணம் சொத்துதான். ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஊறிக் கிடப்பதையே சாட்சியாகச் சொல்கிறார். சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் அலட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரைக்கதையும் அவருடையதே. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்து பார்க்க வைக்கும் தமிழ் மர்மப் படங்கள் வெகு சில. இதுதான் அவற்றில் தலையாயது.

பாலசந்தரே பிறகு அந்த உயரத்தைத் தொடவில்லை. ‘பொம்மை’ (1964) சாமர்த்தியம். சொந்தக்காரர்களை ஒரே பங்களாவில் அடைத்துப் போட்ட ‘நடு இரவில்’ (1970) பாதிவரை அபாரம். வேறொருவர் இயக்கிய ‘புதிய பறவை’ (1964) வங்காளத்திலிருந்து வந்த கதை என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு பணக்காரனைச் சுற்றி நாடகம் போட்டு, அவன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் அந்தக் கடைசிக் கட்டம் திகம்பர சாமியாரின் வழிதான். ஜெய்சங்கரின் துப்பாக்கிப் படங்கள் ஓடி மறைந்தன. ஸ்ரீரங்கத்து சுஜாதாவின் வக்கீல் கணேஷைச் சினிமா ஒருநாளும் புரிந்துகொள்ளவில்லை. ‘ப்ரியா’ (1978) அதற்குச் சாட்சி.

தொலைக்காட்சியில் ‘மர்மதேசம்’ மட்டும் தனித்து நிற்கிறது. நன்னிலம் பக்கத்துக் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் கதையை நாகா இயக்கினார். ‘விடாது கருப்பு’ பகுதியில் சாமி கொன்றதா, மனிதன் கொன்றானா என்று ஊரே வாய் ஓயாமல் பேசும். அந்தப் பேச்சுதான் பயம்.

‘ராட்சசன்’ (2018) விறுவிறுப்பான படம். ஆனால் அதன் கொலைகாரனை எந்த ஊரில் கொண்டுபோய் இறக்கினாலும் கதை நடக்கும். சிறுவயதுக் காயம், முகமூடி, பொம்மை என்று வந்துவிட்டால் சாட்சிக்கு வேலை இல்லை. துப்பறிகிறவர் லேப்டாப் முன் உட்கார்ந்தால் போதும். ‘வதந்தி’ வெப் தொடர் (2022) நின்றது வேறு காரணத்தால். செத்துப்போன வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்; சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் கதைகளுக்குள் மாட்டிக்கொள்கிறார். இந்தத் திசையில்தான் நம்மவர்கள் போக வேண்டும்.

கொரியக் கொலைகாரர்களைத் தேடிப் போகிற தயாரிப்பாளர்கள் தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ நாவலை ஒருமுறை புரட்டட்டும். முழுக்க ஒரு கொலை வழக்கின் விசாரணை. கூண்டில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முழு மனுஷர். எட்டு எபிசோடுக்குத் தாராளமாகத் தாங்கும்.