வண்டியை எண்ணுகிறோம், புகையை?

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. முதலில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்ததால் அது வெறும் பதிவேடாகவே இருந்தது. உச்சவரம்பு வந்தது 2025 ஏப்ரல் 1 முதல்தான், அதுவும் சீசன் மாதங்களுக்கு. நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000.

இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். தொட்டபெட்டாவில் நின்று மூச்சை இழுத்துவிடவும், சோலைக்காடுகளின் ஓரமாக நடக்கவும், சைக்கிள் மிதிக்கவும் வருகிறவர்களுக்கு மலை தருவது குளிர்ந்த, சுத்தமான காற்று. அவர்கள் ஏறி வரும் வண்டிகளே அதைக் கெடுக்கின்றன. மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது பெரிய காரியம். அந்தக் கொள்ளளவு எவ்வளவு என்று ஆராயும் பணியும் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

குறை, எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. மின்சார வாகனங்களுக்கு முன்னுரிமை உண்டு. மற்றபடி பதினைந்து வருடப் பழைய டீசல் வேனும் நேற்று வாங்கிய பெட்ரோல் காரும் சோதனைச்சாவடிக் கணக்கில் ஒன்றுதான். காற்றுக்கு அவை ஒன்றல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் ஒரு வண்டி சுமார் 50 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சரியாகப் பராமரிக்காத பழைய டீசல் எஞ்சின் அந்த மெல்லிய காற்றில் எரிபொருளை முழுதாக எரிக்க முடியாமல் கரும்புகை கக்கும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் வேனுக்குப் பின்னால் சைக்கிளில் போய்ப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்திலும் தப்ப முடியாது. இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளைக் கண்டுகொள்ளாதவர்களின் பிரேக் கருகும் நாற்றம் பர்லியாறு வரை கூடவே வரும்.

இதைவிட எனக்கு உறுத்துவது வார இறுதிக்கான கூடுதல் 2,000. கூட்டம் நெரிகிற நாளில் வண்டி நகராது. நகராத வண்டி எஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்கும். ஊட்டி நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த இரவுகளில் கனத்த காற்று கீழே படிந்து புகையை அங்கேயே தேக்கிவைக்கும். காற்றை மனதில் வைத்து வரம்பு வகுத்திருந்தால், கூட்ட நாளுக்குக் கூடுதல் அனுமதி என்ற எண்ணமே வந்திருக்காது. அது விடுதி அறைகளின் கணக்கு.

வேறு விதமாக எண்ண முடியும் என்பதற்கு மணாலிக்கு மேலே உள்ள ரோதங் கணவாய் சாட்சி. வண்டிப் புகையின் கரித்துகள் பனியில் படிந்தால் பனி வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் உருகும். இதைக் கருத்தில் கொண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் நாளுக்கு 1,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரையறுத்தபோது, 600 பெட்ரோல், 400 டீசல் என்று பிரித்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை என்றது. பிறகு வரம்பு 1,200 ஆனபோதும் டீசல் 400-ஐத் தாண்டவில்லை. புகையைப் பார்த்து வகுத்த விதி அது.

அதிலும் ஓட்டை விழுந்தது. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்ததும், கணவாய்க்குப் பாஸ் கிடைக்காதவர்கள் சுரங்கத்தின் வழியே லாஹௌலின் சிஸ்ஸுவுக்குக் குவிந்தார்கள். ஒரு வாசலை மட்டும் காத்தால் கூட்டம் அடுத்த பள்ளத்தாக்கைத் தேடிப் போகும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரம்பு வைக்கும்போது ஏற்காட்டையும் வால்பாறையையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இ-பாஸை எதிர்த்து நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் மனிதர்களின் வருகைக்கு உச்சவரம்பு இல்லை, வண்டிகளுக்குத்தான். அரசுப் பேருந்துக்கும் மலை ரயிலுக்கும் பாஸ் வேண்டாம். அப்படியானால் பேருந்தில் உட்கார இடம் கிடைக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு, குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஒரு குடும்பம் நம்பி ஏறும் அளவுக்கு மின்சாரப் பேருந்துகள் அடுத்தடுத்து வராதவரை, பாஸ் கிடைக்காதவருக்கு எட்டிய வழி வேறொரு மலைதான்.

இத்தனைக்கும் புகையை எண்ணத் தொடங்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பாஸ் கேட்பவர் தன் வண்டியின் பதிவெண்ணைக் கொடுக்கிறார். அந்த எண்ணை மத்திய அரசின் வாகன் தரவுத்தளத்தில் தட்டினால் எரிபொருள், தயாரித்த ஆண்டு, எந்தப் பாரத் ஸ்டேஜ் தரம் என்பதெல்லாம் வந்துவிடும். அடுத்த சீசனுக்கான 6,000-ஐ டீசலுக்கு இவ்வளவு, பழைய வண்டிக்கு இவ்வளவு என்று பிரிக்க அதுவே போதும்.